கரியும் தட்டும் எங்கள் பங்கு

1

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று பல நாள் யோசித்தேன். ஒரு சொல்லில் இருந்தே தொடங்கிவிடுகிறேன். கம்யூனிட்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது என் மகள் சிந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அமெரிக்காவில் கல்லூரியில் சேர மார்க் மட்டும் போதாது. நீ யார், இதுவரை என்ன செய்தாய், அதனால் உனக்கு என்ன புரிந்தது என்று கட்டுரை கட்டுரையாக எழுதி அனுப்ப வேண்டும். நம் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள்.

"அம்மா, இந்த காலேஜ்ல கம்யூனிட்டி பத்திக் கேக்குறாங்க" என்றாள்.

என் கையில் இருந்த தோசைக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"இங்கயும் கேக்குறாங்களா? எதுக்காம்? நீ ஒண்ணும் எழுதாத. அந்த எடத்த வெறுமனே விட்டுரு. கட்டாயமாக் கேட்டா அப்பாவக் கேட்டுக்கிட்டு எழுதுவோம்."

சிந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இது அந்தக் கம்யூனிட்டி இல்லம்மா. ஒரு கம்யூனிட்டியை நீ எப்படி பில்ட் பண்ணினேன்னு கேக்குறாங்க. இருநூத்தம்பது வார்த்தைக்குள்ள எழுதணும்."

பிறகு சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன். தோசை கருகிப்போனது.

போடியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். டீச்சர் வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "ஸ்காலர்ஷிப்புக்குக் கம்யூனிட்டி சர்டிபிகேட் கொண்டாராதவளெல்லாம் எந்திரி" என்பார். எழுந்து நிற்போம். உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி, யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வார்கள். டீச்சருக்கு அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. எங்கள் பணம் எங்களுக்கு வந்து சேர வேண்டுமே என்றுதான் கேட்பார். அப்பா ஒருநாள் ஏலக்காட்டு வேலையை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசில் போய் நிற்பார். அன்றைக்கு ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள்.

அந்தக் கம்யூனிட்டியை யாரும் பில்ட் பண்ண வேண்டியதில்லை. நாம் பிறப்பதற்கு முன்னாலேயே அதைக் கட்டி, பூட்டி, சாவியையும் யாரோ இடுப்பில் செருகிக்கொண்டு போயிருப்பார்கள். அதை ஒரு பிள்ளை கட்டினாளா என்று ஒரு காலேஜ் கேட்டால் என்னைப் போன்றவளுக்கு வேறு என்ன தோன்றும்?

"எழுதிட்டு கவுன்சிலர்கிட்டக் காட்டணும்" என்றாள் சிந்து.

"அவரு எதுக்கு? கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டேன். எனக்குக் கவுன்சிலர் என்றால் வெள்ளை வேட்டியில் வார்டு கவுன்சிலர்தான். இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் அம்மாவுக்கும் அதே பெயராம். இத்தனை வருடம் ஆகியும் இந்த ஊர்ச் சொற்கள் என் காதுக்குள் நுழையும்போது போடி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டுதான் வருகின்றன.

2

அவள் எதைப் பற்றி எழுதப் போகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கூட்டாஞ்சோறு.

சிந்து சின்னவளாக இருந்தபோது சாப்பிட வைப்பது பெரும்பாடு. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கதை வேண்டும். எனக்குத் தெரிந்த கதைகள் தீர்ந்த பிறகு நாங்கள் கூட்டாஞ்சோறு ஆக்கியதைச் சொல்ல ஆரம்பித்தேன். பள்ளி விடுமுறையில் கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஊருக்கு வெளியே மாந்தோப்புக்குப் போவோம். ஒருத்தி அரிசி, ஒருத்தி பருப்பு, ஒருத்தி காய், ஒருத்தி புளி. மூன்று கல்லைக் கூட்டி, ஒரே பானையில் போட்டு, பொங்கி வரும்போது ஆளுக்கொரு யோசனை சொல்லி, அடிப்பிடித்துப் போனதையும் போட்டி போட்டுத் தின்போம். இதை நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும்போது அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பாள். அந்தச் சமயம் பார்த்து ஒரு வாய் ஊட்டிவிடுவேன்.

அந்தக் கதையை அவள் மறக்கவில்லை. ஒன்பதாவது முடித்த கோடையில், பக்கத்துப் பூங்காவில் கூரை போட்ட சாப்பாட்டு இடம் ஒன்றைச் சனிக்கிழமைகளுக்கு முன்பதிவு செய்து, இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டாள். நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. எல்லாம் அவள் செய்தது. பூங்கா அலுவலகத்தில் நிகழ்ச்சியின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். அவளுடைய தமிழில் அதைக் 'கூட்டான் சோறு' என்று பிரித்துச் சொல்லியிருக்கிறாள். சோறு என்றால் அரிசி என்று விளக்கமும் கொடுத்திருக்கிறாள். "கூட்டான் யார்? அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும்" என்று அங்கே இருந்த அம்மா சொல்லிவிட்டார். கூட்டான் என்று ஆளே கிடையாது என்று புரியவைப்பதற்குள் இரண்டு முறை நடந்தாள். தீ மூட்ட அனுமதி, குப்பையை அள்ளுவோம் என்று உறுதிமொழி, அதற்கு ஒரு பெரியவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் மட்டும் என் பெயர் இருக்கிறது.

எனக்கு வேலை ஒரு நடுநிலைப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில். போடியில் பி.எஸ்சி. படித்தேன். அந்தப் படிப்பு இங்கே செல்லுபடியாகவில்லை. தலையில் வலை, கையில் உறை. வரிசையில் வருகிற பிள்ளைகளின் தட்டில் உருளைக்கிழங்கையும் சோளத்தையும் அள்ளி வைப்பேன். சனிக்கிழமைகளில் அந்தக் கூடத்தை வாடகைக்கு விடுவார்கள், அதற்கும் நான் போக வேண்டும். அதனால் பூங்காப் பக்கம் அபூர்வமாகத்தான் போயிருக்கிறேன். போனாலும் எல்லாம் முடிந்து பானை கழுவுகிற நேரமாக இருக்கும்.

3

கீதா வந்தது அதே வருடம் குளிர்காலம் தொடங்கும்போது. அவர் கணவருக்கு இங்கே மாற்றல். அவர்களுக்கும் சிந்து வயதில் ஒரு மகள், காவ்யா. ஒரு பிறந்தநாள் விழாவில் சந்தித்துக்கொண்டோம். நான் யாரிடமோ "கொண்டாங்க, நான் வாங்கிக்கிர்றேன்" என்று சொன்னதைக் கேட்டு அவர் திரும்பினார்.

"பேச்சு நம்ம பக்கமாத் தெரியுதே. எந்த ஊரு?"

"போடி" என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அடி ஆத்தி, நானும் போடிதான். இங்கன வந்து போடிக்காரவுகளப் பாப்பேன்னு நெனைக்கவே இல்ல மதினி."

மதினி. எத்தனை வருடம் கழித்து ஒருவர் என்னை அப்படிக் கூப்பிடுகிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லிவிடுகிறேன்.

"போடில எங்குட்டு மதினி?"

சொன்னேன்.

"ஓடைக்கு இங்கிட்டா, அங்கிட்டா?"

"அங்கிட்டு."

"அப்பா என்ன சோலி பாத்தாக?"

"ஏலக்காட்டுலதான். அம்மாவும் போவாங்க. காலையில ஜீப்புல போடிமெட்டு மலைக்குப் போய்ட்டுப் பொழுது சாய வருவாங்க."

"கங்காணியா இருந்தாகளா?"

"இல்ல. காய் எடுக்கத்தான் போனாங்க."

கீதாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சிரிப்புகூட அப்படியேதான் இருந்தது. என் கையைத்தான் பூப்போல விட்டார். "எங்களுக்கும் மெட்டுக்கு மேல தோட்டம் இருக்கு. இப்ப அண்ணன் பாத்துக்கிர்றாரு" என்றார். "சரிங்க, பாப்போம். பிள்ளைக என்ன பண்ணுதோ."

மறுமுறை பார்த்தபோது நான் 'செல்வி மேடம்' ஆகியிருந்தேன். அமெரிக்காவில் என்னை மேடம் என்று கூப்பிடும் ஒரே ஆள் போடிக்காரர்தான். மற்ற பெண்களெல்லாம் அவருக்கு அக்கா, மதினி, தங்கச்சி. கோயம்புத்தூர்க்காரர்கள், திருநெல்வேலிக்காரர்கள், எல்லோரும் அவருக்கு உறவாகிவிட்டார்கள். நான் மட்டும் மேடம். என் கணவர் பாண்டியிடம் சொன்னபோது, "ஒனக்கு மருவாதி குடுக்குறாகன்னு சந்தோசப்படு" என்றார். அவர் போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரர். எந்த மரியாதை எதற்காக வருகிறது என்று அவருக்கும் தெரியும்.

கொஞ்ச நாளில் கூட்டாஞ்சோற்றுக்கு யார் என்ன கொண்டுவருவது என்பதைக் கீதாவே பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார். பிள்ளைகளுக்குச் சிரமம் இருக்கக் கூடாதாம். அந்தச் சமயத்தில் ஒருநாள் சிந்து வந்து, "அம்மா, இனிமே நம்ம பங்கு கரியும் பேப்பர் தட்டும்" என்றாள். அதற்கு முன்பு நாங்கள் அரிசி கொடுத்துக்கொண்டிருந்தோம். வேலைக்குப் போகிறவள் என்று எனக்குச் சுலபமானதை விட்டிருக்கிறார்கள் என நினைத்தேன். உண்மையில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கரி மூட்டையைக் கடையில் வாங்கிக் காரில் போட்டால் தீர்ந்தது.

4

கட்டுரை எழுதி முடித்த அன்று சிந்து அதை எனக்குப் படித்துக் காட்டினாள். ஆங்கிலத்தில் படித்து, நடுநடுவே எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். நன்றாகவே எழுதியிருந்தாள். கூட்டான் யார் என்று கேட்ட அலுவலக அம்மாவும் கட்டுரையில் வந்திருந்தார். மூன்று கல்லுக்குப் பதில் பூங்காவின் இரும்பு அடுப்பு, மாமரத்துக்குப் பதில் மேப்பிள் மரம். தமிழே பேசாத பிள்ளைகள் கரண்டி, பானை, பருப்பு என்று ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக்கொண்டது. என் மகள் செய்ததை நினைத்து நெஞ்சு நிறைந்து உட்கார்ந்திருந்தேன்.

கடைசிப் பத்தி வந்தது. "எங்கள் வீட்டுப் பங்கு எப்போதும் கரியும் தட்டும்தான். அரிசி கொண்டுவருகிறவர்கள் வாரா வாரம் மாறுவார்கள். காய் கொண்டுவருகிறவர்கள் மாறுவார்கள். நெருப்பைக் கொண்டுவருகிறவர்கள் நாங்கள் மட்டும்தான்."

"எப்போதுமா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. நல்லா இருக்கா அந்த லைன்? கவுன்சிலருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான் அவளுக்குச் சொன்ன கதையில் ஒருத்தி அரிசி, ஒருத்தி பருப்பு என்று வரும். நான் என்ன கொண்டுபோனேன் என்பது வராது. நான் கொண்டுபோனது விறகு.

"செல்வி, நீ வெறகு கொண்டாடி" என்பாள் சாந்தி. அவள்தான் எங்களுக்குத் தலைவி. "ஒங்கப்பா மலைக்குப் போறாருல்ல. ஒங்க வீட்டுல வெறகுக்கென்ன பஞ்சம்?" அது உண்மைதான். காப்பிச் செடியைக் கவாத்து செய்த குச்சிகளை அப்பா ஜீப்பு மேலே கட்டிக்கொண்டு வருவார். சரசரவென்று எரிந்து போகாமல் நின்று எரியும் குச்சிகள். எனக்கு அதில் பெருமை. கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடப்பேன். சோறு ஆனதும் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். என் இலையைச் சாந்தி என் கையில் கொடுப்பாள். நான் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். நெருப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை, அதனால் அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விடுமுறையில் மழை பிடித்துக்கொண்டு குச்சியெல்லாம் நனைந்துவிட்டது. அம்மாவிடம் போய், இந்தத் தடவை அரிசி கொடு, விறகை வேறு யாராவது கொண்டு வரட்டும் என்றேன். அம்மா அப்போதுதான் மலையில் இருந்து வந்து உட்கார்ந்திருந்தார். சேலையெல்லாம் ஏலச்செடி வாசம்.

"அவளுக அரிசி கேட்டாளுகளா?" என்றார்.

"இல்ல. நானாத்தான் கொண்டுட்டுப் போறேன்."

"எப்பயும் ஒன்னய வெறகுதான் கொண்டாரச் சொல்றாளுகளா?"

"ஆமா."

அம்மா காலில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே, "வெறகுல ஒட்டாதுடி" என்றார்.

"எதும்மா ஒட்டாது?"

"ஒண்ணுமில்ல. போய்ச் சோத்தப் போட்டுத் தின்னு. இனிமே அங்கிட்டுப் போவேணாம்."

அந்த வருடத்துக்குப் பிறகு நான் கூட்டாஞ்சோற்றுக்குப் போகவில்லை. எது ஒட்டாது என்பது புரிய இன்னும் சில வருடம் ஆனது. பதிவேட்டை மூடிவைத்துவிட்டு டீச்சர் கேட்கும்போது யார் யார் எழுந்து நிற்கிறோம் என்று ஒருநாள் நானும் திரும்பிப் பார்த்தேன். சாந்தி உட்கார்ந்திருந்தாள். அப்போது புரிந்தது.

கரியிலும் தீட்டு ஒட்டாது. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து அப்படியே எடுக்கிற பேப்பர் தட்டிலும் ஒட்டாது. கடல் கடந்து வந்தும் எவ்வளவு நுணுக்கமாக யோசித்துப் பிரித்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் பிள்ளை அதை அழகான வாக்கியமாக்கிக் காலேஜுக்கு அனுப்பப் போகிறாள். அனுப்ப வேண்டிய கடைசி நாள் அடுத்த திங்கட்கிழமை.

5

பாண்டியிடம் சொன்னேன். அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குழாயை மூடாமல் கேட்டார்.

"இப்ப என்ன பண்ணணும்ங்கிற?"

"புள்ளகிட்டச் சொல்லணும். தெரியாம எழுதி வச்சிருக்கா. நாளைக்கு அவளுக்கே தெரிய வந்தா அந்தக் கட்டுரைய நெனச்சு நெனச்சுக் கூசிப்போவா."

"தெரியாம இருக்கட்டுமே. தெரியாம இருக்கத்தானே இங்கன வந்தோம்." குழாயை மூடினார். "ஏ செல்வி, நான் சொல்றதக் கேளு. அவ வெரசா அனுப்பிட்டுக் காலேசுக்குப் போயிரட்டும். அங்கிட்டுப் போனா இவுக மூஞ்சியே பாக்க வேணாம். நீ எதுக்கு இப்பப் போட்டுத் தோண்டுற?"

"ஒருவேள நான் தப்பா நெனைக்கிறேனோ என்னமோ."

"அப்ப ஒண்ணு செய். நீ ஏதாவது ஆக்கிக் கொண்டுட்டுப் போய்ப் பாரு. தெரிஞ்சுபோகும்ல." கோபத்தில் சொன்னார். அவருக்கு என்னிடம் கோபம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அதையேதான் செய்தேன். சந்தேகத்தை வைத்துக்கொண்டு பிள்ளையின் தலையில் மண்ணைப் போடக் கூடாது என்று நினைத்தேன். கீதாவுக்குப் போன் செய்து, இந்தச் சனிக்கிழமை எனக்கு லீவு, நான் தயிர்சாதம் செய்து கொண்டுவருகிறேன் என்றேன்.

"அய்யோ செல்வி மேடம், உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நீங்களே ஓடி ஓடி வேல பாக்குறீங்க. கரி மட்டும் மறந்துறாதீங்க, அது போதும்."

"கரியும் வரும், சோறும் வரும்" என்றேன்.

6

தயிர்சாதம் என் கைக்கு வரும். குழைய வடித்து, பால் ஊற்றிப் பிசைந்து, கொஞ்சமாய்த் தயிர், கடுகு, இஞ்சி, பொடியாய் நறுக்கிய மாங்காய். பெரிய பாத்திரம் நிறையச் செய்தேன். மேலே மாதுளை முத்துகளைத் தூவினேன். இதை எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், சாப்பாட்டில் குறை இருந்ததோ என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

பூங்காவில் எல்லோரும் இருந்தார்கள். இலை உதிர்கிற காலம், இளவெயில். சிந்து அடுப்புக்குப் பக்கத்தில் கரியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். என்னையும் பாத்திரத்தையும் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. வேலை நாளில் அம்மா வந்துவிட்டாளே என்று ஆச்சரியப்படுகிறாள் என எண்ணிக்கொண்டேன்.

"வாங்க வாங்க" என்று கீதா எழுந்து வந்தார். பாத்திரத்தை வாங்கவில்லை. மேசையின் கடைசியைக் காட்டினார். "அங்கன வைங்க, அப்பறமா எடுத்துக்கலாம்."

வைத்தேன். மூடியைத் திறந்தும் வைத்தேன்.

பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். நான் என் வேலையிடத்தில் நிற்பது போலவே கரண்டியோடு நின்றேன். வாரத்தில் ஐந்து நாள் நான் போடுவதை யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ தட்டை நீட்டி வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு பிள்ளையும் என் கையைப் பார்த்துத் தயங்கியது கிடையாது. இங்கே ஒரு சின்னப் பையன் மட்டும் தட்டை நீட்டினான். அவன் அம்மா, "வேணாம் கண்ணா, தயிரு, சளி பிடிச்சுக்கும். கிளைமேட் சரியில்ல" என்று அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். என்னைப் பார்த்து ரொம்ப அன்பாகச் சிரித்தார். அதற்குப் பிறகு எல்லோருக்கும் சளி பயம் வந்துவிட்டது. ஒருவருக்குத் தொண்டை கரகரப்பு. இன்னொருவர் தயிரையே விட்டுவிட்டாராம், மருத்துவர் சொன்னாராம். எந்தக் காரணத்தையும் நீங்கள் குறை சொல்ல முடியாது. எல்லாம் நியாயமான காரணங்கள். அதே மேசையில் கீதா கொண்டுவந்த வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடி மட்டும் வழித்துத் துடைத்தது போலக் காலியாகிவிட்டது.

கீதா கடைசியில் வந்து, "எல்லாருக்கும் வயிறு ரொம்பிப்போச்சு மேடம். வீணாக்காம வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க" என்றார்.

அப்போது சிந்து கை கழுவிவிட்டு வந்தாள். ஒரு பேப்பர் தட்டை எடுத்து, தானே போட்டுக்கொண்டு, மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டாள். அது தீர்ந்ததும் இன்னொரு முறை போட்டுக்கொண்டாள். அவள் எப்போதும் கோழி கொத்துவது போலச் சாப்பிடுகிறவள். கொஞ்ச தூரத்தில் நின்ற காவ்யா இவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அங்கிருந்து போய்விட்டாள்.



7

வீட்டுக்கு வந்து பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று அவளை உட்கார வைத்தேன். அந்தக் கட்டுரையை அனுப்பாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். விறகை, சாந்தியை, அடுப்போரம் உட்கார்ந்து சாப்பிட்டதை, அம்மா சொன்ன வார்த்தையை. கீதா என் கையை விட்டதையும் சொன்னேன். கம்யூனிட்டி என்றால் நம் ஊரில் என்ன என்று சொன்னேன். இதையெல்லாம் என் மகளுக்கு ஒருநாளும் சொல்ல வேண்டி வராது என்று நம்பித்தான் விமானம் ஏறினேன். அதையும் சொன்னேன்.

நான் முடித்ததும், "தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"காவ்யா சொன்னா. டென்த் கிரேட்ல. உங்க கம்யூனிட்டி என்னன்னு கேட்டா. தமிழ்னு சொன்னேன். அது இல்ல, இன்னொண்ணு இருக்கு, எங்கம்மாவுக்கு அது தெரியும்னா. அதனாலதான் உங்க வீட்டு அரிசி வேண்டாம்னு அம்மா சொல்றாங்கன்னு சொன்னா. சொல்லிட்டு அழுதாம்மா, பாவம். அப்புறம் நான் நெட்ல பாத்து எல்லாம் படிச்சேன்."

"நம்ம அரிசி நின்னது அப்பத்தானா?" என்றேன்.

"கரி, தட்டு ரெண்டும் நாங்க கொண்டு வர்றோம்னு கீதா ஆன்ட்டிகிட்ட நானேதான் கேட்டு வாங்கினேன். இல்லன்னா அரிசி வேண்டாம்னு அவங்க உன்கிட்ட ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பாங்க. உனக்குத் தெரிஞ்சிருக்கும். நானே கேட்டு வாங்கிட்டா உனக்குத் தெரியாதுல்ல."

"தெரிஞ்சுமா அப்படி எழுதின? நெருப்பக் கொண்டாறவங்க நாங்கன்னு?"

"அது உண்மைதானே." லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அந்த இன்னொரு கம்யூனிட்டியை எழுதினா கவுன்சிலருக்கு இதைவிட ரொம்பப் பிடிக்கும்மா. இன்னும் நிறைய எழுது, அம்மாகிட்டக் கேட்டு எழுதுன்னு சொல்வாங்க. அப்புறம் அந்த காலேஜ்ல நாலு வருஷமும் நான் அந்தப் பொண்ணு. நான் என்ன பில்ட் பண்ணினேன்னுதானே கேட்டாங்க? அதைத்தான் எழுதியிருக்கேன்."

திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. என் கண் முன்னாலேயே அனுப்பினாள். ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, கீதா மேல் வந்ததைவிடப் பெரிய கோபம். இரண்டு வருடமாகச் சனிக்கிழமை சனிக்கிழமை கரி மூட்டையை என்னோடு சேர்ந்து காரில் ஏற்றியிருக்கிறாள். கை கறுத்துப்போச்சு என்று சிரித்திருக்கிறாள். ஒருநாள்கூட முகத்தில் காட்டவில்லை. நான் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேனே, என் பிள்ளை என்னிடம் வரவில்லையே என்று நினைக்க நினைக்கத் தாங்கவில்லை.

"ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சிந்து லேப்டாப்பை மூடினாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீ அந்தக் கூட்டாஞ்சோறு கதையைச் சொல்றப்ப மட்டும்தாம்மா ரொம்ப சந்தோஷமா இருப்ப. அதைக் கெடுக்க வேண்டாம்னு நினைச்சேன்."